ஒரு கருத்து சமூகத்தை மாற்றியதா என்று எப்படிக் கண்டறிவது? சுயமரியாதைத் திருமணத்தை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி இது: "மனிதச் சிந்தனைகள் எப்படி வளர்ந்தன, சமூகங்களை எப்படி மாற்றின என்பதை முறையாகப் படிக்க விரும்புகிறேன். பெரிய சிந்தனையாளர்களின் நூல்களைக் கால வரிசைப்படி படித்தால் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?"

போதாது. நூல்களை வரிசையாகப் படித்தால் யார் என்ன சொன்னார் என்பது தெரியும். சொன்னது யாருடைய வீட்டுக்குள் போனது, போன இடத்தில் என்ன ஆனது என்பது தெரியாது. கருத்துகளின் வரலாற்றைப் படிக்க வருபவர்களில் பெரும்பாலானோர் முதல் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது: அந்தக் கருத்தை நம்பி நடந்தவர்களுக்குள் ஒரு தகராறு வந்தபோது, சொத்தோ வாரிசுரிமையோ பறிபோகும் நிலை வந்தபோது, கருத்து அவர்களைக் காப்பாற்றியதா கைவிட்டதா என்று பார்ப்பது. மேடையில் வெல்லும் கருத்து பாகப்பிரிவினை வழக்கில் தோற்கலாம். அந்தத் தோல்விதான் ஆய்வாளருக்கு மிகப் பெரிய சான்று.

பொதுப்படையாகச் சொன்னால் பிடிபடாது. ஒரே ஒரு கருத்தை எடுத்து, அதைப் பின்தொடரும் வழியைக் காட்டுகிறேன். புரோகிதரும் சடங்கும் இல்லாமல், இருவரும் சமம் என்று அறிவித்துச் செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம். இதைத் தேர்ந்ததற்குக் காரணம், பேச்சிலிருந்து சட்டம் வரையிலான முழுப் பாதையும் சுமார் 40 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆவணங்களில் பெரும்பகுதி தமிழில் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள். "பெரியார் தமிழ்ச் சமூகத்தை எப்படி மாற்றினார்" என்பது ஆய்வுக்கேள்வி ஆகாது. அதற்கு எந்த விடை சொன்னாலும் பொருந்தும். "1925-இல் பெரியாரின் 'குடி அரசு' இதழ் தொடங்கியதிலிருந்து 1968-இல் இத்தகைய திருமணத்தை ஏற்கும் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை, புரோகிதர் இல்லாத திருமணம் எந்தெந்தக் கைகள் வழியாகப் போனது" என்பது ஆய்வுக்கேள்வி. தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, பின்தொடர வேண்டிய பொருள் மூன்றும் அதில் இருக்கின்றன.

அடுத்து, கருத்தைப் பிரித்துப் போடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை, அதனால்தான் முடிவில் மழுப்பலான வாக்கியங்களாக எழுதுகிறார்கள். சுயமரியாதைத் திருமணம் என்ற ஒற்றைப் பெயருக்குள் குறைந்தது ஆறு தனித்தனிக் கோரிக்கைகள் இருந்தன: புரோகிதர் வேண்டாம், நாள், நட்சத்திரம், ராகுகாலம் பார்க்க வேண்டாம், தாலி கட்டாயம் இல்லை, சாதி பார்க்க வேண்டாம், கைம்பெண் மறுமணம் செய்யலாம், மனைவிக்குக் கணவனுக்குச் சமமான உரிமை உண்டு. ஆறும் ஒன்றாகப் பயணிக்கவில்லை. புரோகிதரை விட்ட பல குடும்பங்கள் சாதியை விடவில்லை. தலைவர் தலைமையில் மாலை மாற்றிக்கொண்ட பலர் தாலியும் கட்டிக்கொண்டார்கள். "கருத்து வென்றதா" என்று மொத்தமாகக் கேட்டால் ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஆறையும் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தெளிவான விடை கிடைக்கும்.

இனிச் சான்றுகள். ஒரு பெரிய நோட்டில் அல்லது எக்செல் தாளில் ஆண்டுவாரியாக நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: சொன்னது, செய்தது, எதிர்த்தது, நிலைநிறுத்தியது.

"சொன்னது" பத்தி எளிதில் நிரம்பும். 1925 மே 2-ஆம் தேதி ஈரோட்டில் 'குடி அரசு' வார இதழ் தொடங்குகிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் தலைமையில் கூடுகிறது. பெண்ணின் மணவயது 16-க்கு மேல் இருக்க வேண்டும், கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம், பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும், பெயருக்குப் பின் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்றெல்லாம் தீர்மானங்கள். அதே 1929-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் நிறைவேறிய சாரதா சட்டம் என்ற குழந்தை மணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு வைத்த வயது 14. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், இயக்கம் தன் காலத்துச் சட்டத்தை விட எவ்வளவு தூரம் முன்னே நின்றது என்பது கண்ணுக்குத் தெரியும்.

"செய்தது" பத்திதான் கடினம், அங்கேதான் உயிர் இருக்கிறது. முதல் சுயமரியாதைத் திருமணமாகப் பரவலாகச் சொல்லப்படுவது 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்தது. மாநாட்டுத் தீர்மானத்துக்குச் சில மாதங்கள் முன்பே கிராமத்தில் செய்து பார்த்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தலைவர்கள் தீர்மானம் போட்டார்கள், மக்கள் பிறகு பின்பற்றினார்கள் என்ற வழக்கமான வரிசை இங்கே பொருந்தவில்லை.

இதழ்களில் வரும் திருமணச் செய்திகள், அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள் இவைதான் இந்தப் பத்திக்கான சான்றுகள். ஒவ்வொரு திருமணச் செய்தியிலிருந்தும் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, ஊர், இரு வீட்டாரின் ஊர்கள், தலைமை தாங்கியவர், உறுதிமொழியின் சொற்கள், மாலையா மோதிரமா தாலியா, மணமக்கள் ஒரே சாதியா வேறு சாதியா, மறுமணமா, நடந்த நேரம், பேசியவர்கள் யார் யார். நேரத்தை விட்டுவிடாதீர்கள். வேண்டுமென்றே ராகுகாலத்தில் வைத்த திருமணங்கள் உண்டு. அதைச் செய்தியில் பெருமையாகவே சொல்வார்கள். பேச்சாளர் பட்டியலையும் விடாதீர்கள். சடங்கு போன இடத்தில் சொற்பொழிவு வந்தது. எதிர்க்கருத்துள்ள உறவினர்களும் கட்டாயம் வந்து உட்காரும் கூட்டம் கல்யாண வீடு ஒன்றுதான். வேறெந்தப் பிரசாரக் கூட்டத்துக்கும் அப்படிப்பட்ட கேட்போர் அமைய மாட்டார்கள். திருமணத்தை இயக்கம் ஏன் இவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு என் கணிப்பில் இதுவே முதன்மையான காரணம்.

வார இதழ் என்றால் ஆண்டுக்கு 52. ஒழுங்காகக் குறிப்பெடுத்தால் ஒரு நாளில் எட்டுப் பத்து இதழ்களைத் தாண்ட முடியாது. ஆகவே எல்லா ஆண்டுகளையும் படிக்க ஆசைப்படாமல் மூன்று ஆண்டுகளை முழுதாகப் படியுங்கள்: தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, பிற்பகுதியில் ஒன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக நல்ல மேற்கோள் பொறுக்குவதை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

எங்கே பார்ப்பது? சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதல் இடம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த தொகுப்பிலிருந்து உருவானது. பழைய இதழ்களோடு பிறர் தூக்கி எறிந்துவிடும் சிறு அச்சுப் பொருள்களும் அங்கே உண்டு. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும், உள்ளூர்ப் பத்திரிகைகள் பற்றி ஆங்கிலேய அரசு தயாரித்த அறிக்கைகளும் கிடைக்கும். வேப்பேரி பெரியார் திடல் நூலகம் மூன்றாவது. இணையத்தில் தமிழ் மின்னூலகம். மலேயா, சிங்கப்பூர் பக்கம் போக விரும்பினால், 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழின் பழைய பக்கங்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருக்கிறது.

தேடும்போது வழுக்கும் இடங்கள் சில உண்டு. 1920-களின் அச்சில் கலியாணம், கல்யாணம், விவாகம், மணம் எல்லாம் கலந்து வரும். "திருமணம்" என்று மட்டும் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. எழுத்து வடிவமும் தொல்லை தரும். ணை, லை, ளை, னை போன்றவற்றைத் துதிக்கை வைத்த பழைய வடிவில் அச்சிட்டிருப்பார்கள். 'குடி அரசு' 1935-இலேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறியது, அரசு ஏற்றது 1978-இல்தான். பழைய வடிவங்களை ஓசிஆர் (பக்கப் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருள்) அடிக்கடி தவறாகப் படிக்கும். ஆகவே கணினித் தேடலை நம்பி எண்ணிக்கை சொல்ல வேண்டாம். கண்ணால் பக்கம் புரட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு பெரிய பள்ளம் இதழ் நின்றுபோன காலம். 1933 இறுதியில் அரசு நடவடிக்கையால் 'குடி அரசு' நின்றது. அதன் இடத்தில் 'புரட்சி' வந்தது, பின் 'பகுத்தறிவு' வந்தது, 1935 தொடக்கத்தில் மீண்டும் 'குடி அரசு'. 'குடி அரசு' தொகுப்பை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் 1934-இல் சுயமரியாதைத் திருமணமே நடக்காததுபோல் தெரியும். ஆனால் பின்னாளில் உயர் நீதிமன்றம் வரை போன திருமணம் நடந்தது அதே 1934-இல்தான். சான்று இல்லாமல் இருப்பது வேறு, நிகழ்வு இல்லாமல் இருப்பது வேறு. பெரியாரின் எழுத்தும் பேச்சும் மட்டும் தொகுக்கப்பட்ட தொகுதிகளிலும் இதே சிக்கல். அவை மிக மதிப்புள்ளவை, ஆனால் வாசகர் கடிதம், திருமணச் செய்தி, விளம்பரம், பிறர் கட்டுரை எல்லாம் அங்கே விடுபட்டிருக்கும். தலைவரின் குரல் மட்டும் கேட்கும்போது இயக்கமே தலைவர்தான் என்ற முடிவுக்குத் தானாக வந்துவிடுவோம்.

"எதிர்த்தது" பத்தியில் சனாதனிகளை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பாதி ஒத்துப்போய் மீதியில் முரண்பட்டவர்கள்தான் கருத்தின் எல்லையைத் துல்லியமாகக் காட்டுவார்கள். பார்ப்பனப் புரோகிதர் வேண்டாம், ஆனால் தமிழ் முறையில் திருமுறை ஓதிச் செய்யலாம் என்ற சைவர்கள் இருந்தார்கள். சடங்கே வேண்டாம் என்பதும், சடங்கைத் தமிழில் செய்வோம் என்பதும் வெவ்வேறு கருத்துகள். இன்று கல்யாண மண்டபங்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால், அன்றும் அப்படியே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

"முதன்முதலில்" என்ற சொல்லையும் கவனமாகக் கையாளுங்கள். சென்னையில் 1882 முதல் 1888 வரை வெளிவந்த 'தத்துவ விவேசினி' மத மறுப்பையும் குழந்தை மண எதிர்ப்பையும் பேசிவிட்டது. அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்குவதற்கு முன்பே சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, பார்ப்பனியத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் ஃபுலே 1873-இல் தொடங்கிய சத்யசோதக் சமாஜம் பார்ப்பனப் புரோகிதர் இல்லாத திருமணங்களை நடத்தியது. இவற்றைச் சொல்வது பெரியாரின் பங்கைக் குறைப்பதற்காக அல்ல. முன்பே இருந்த கருத்து, இந்த முறை மட்டும் ஏன் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் போனது என்ற கூர்மையான கேள்வி அப்போதுதான் பிறக்கும். வார இதழ், கூட்டம், கிளைச் சங்கம், திருமணம், திருமணச் செய்தி மறுபடி வார இதழில் என்று சுற்றிச் சுற்றி வந்த அமைப்பு முன்னோடிகளுக்கு இந்த அளவில் வாய்க்கவில்லை.

இப்போது நான்காவது பத்தி, "நிலைநிறுத்தியது". இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

1955-க்கு முன் இந்துத் திருமணம் செல்ல வேண்டும் என்றால் சாஸ்திரச் சடங்கு நடந்திருக்க வேண்டும், அல்லது அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக நிலைத்த வழக்கம் என்று நிரூபிக்க வேண்டும். நடைமுறையில் ஊரார் ஏற்றுக்கொண்டுவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. சொத்தைப் பிரிக்கும்போதுதான் "இந்தப் பெண் சட்டப்படி மனைவியா" என்ற கேள்வி வரும். 1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் அப்படித்தான் நீதிமன்றத்துக்கு வந்தது. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருமணம் செல்லாது என்றது. சடங்கு இல்லை, வழக்கம் என்று சொல்லும் அளவுக்குப் பழமையும் இல்லை. வழக்கத்தை உடைப்பதற்காகவே தோன்றிய ஒரு முறையிடம் நீதிமன்றம் வழக்கத்தைக் காட்டு என்று கேட்டது. கால் நூற்றாண்டாகப் பெருமையோடு திருமணம் செய்துகொண்ட குடும்பங்களின் மனைவிகளும் பிள்ளைகளும் ஒரே தீர்ப்பில் கேள்விக்குறி ஆனார்கள். மேடைப் பேச்சுகளை மட்டும் படித்திருந்தால் இந்த நெருக்கடி உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

1955-இன் இந்துத் திருமணச் சட்டமும் உதவவில்லை. அதன் 7-ஆவது பிரிவு இரு தரப்பில் ஒருவரது வழக்கச் சடங்குகளின்படி நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம் இருந்ததே, அதில் பதிவு செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கு முன்கூட்டியே 30 நாள் அறிவிப்பு வேண்டும். வீட்டாரை எதிர்த்துச் செய்பவர்களுக்கு அதுவே ஆபத்து.

1967-இல் அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. திருமணம் மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள பொருள், மத்தியச் சட்டத்தைத் திருத்துகிறோம் என்பதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1968 ஜனவரியில் கிடைத்தது. அந்தப் பிரிவை வரி வரியாகப் படியுங்கள். இரண்டு பக்கம்கூட வராது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக அறிவித்தால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும், தாலி கட்டினால் போதும். "அல்லது" என்பதுதான் இங்கே அச்சாணி. இயக்கம் விரும்பிய முறைக்கும், மக்கள் உண்மையில் கடைப்பிடித்த கலப்பு முறைக்கும் சட்டம் ஒரே வாசலில் இடம் கொடுத்தது. சட்டத்துக்கு முன் நடந்த திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும், பிள்ளைகள் சட்டப்படியான வாரிசுகள் என்றும் சேர்த்தது. ஆனால் இடையில் வழக்கத்தாலோ சட்டத்தாலோ பிரிந்துவிட்டவர்களின் திருமணத்துக்கு உயிர் கொடுக்கவில்லை. அத்தனை விதிவிலக்குகளும் நிஜமான குடும்பங்களில் வரக்கூடிய சிக்கல்களை நினைத்து எழுதப்பட்டவை.

மேலும் ஒன்று. 7-ஏ "இரு இந்துக்களுக்கிடையே" நடக்கும் திருமணத்துக்கு மட்டும்தான். சாதி தாண்டலாம், மதம் தாண்ட முடியாது. கடவுளையும் சாஸ்திரத்தையும் மறுத்த இயக்கத்தின் திருமண முறை, இந்துத் திருமணத்தின் ஒரு வகையாகத்தான் சட்டப் புத்தகத்தில் இடம் பெற்றது. கருத்து அமைப்புக்குள் நுழையும்போது அமைப்பின் சுவர்களையும் ஏற்றுக்கொண்டுதான் நுழைகிறது.

இதே கேள்வியைப் பிறர் எப்படித் தீர்த்தார்கள் என்று ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். வங்காளத்தின் சீர்திருத்த அமைப்பான பிரம்ம சமாஜத்தின் திருமணங்களின் செல்லுபடி கேள்விக்குள்ளானபோது வந்த 1872-இன் சட்டம், மணமக்கள் தாங்கள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் போன்ற எந்த மதத்தையும் பின்பற்றவில்லை என்று அறிவிக்கச் சொன்னது. சீக்கியர்களுக்கு 1909-இல் ஆனந்த் திருமணச் சட்டம், ஆரிய சமாஜத்தாருக்கு 1937-இல் தனிச் சட்டம். எல்லா இடத்திலும் சீர்திருத்தம் ஒரு கட்டத்தில் சட்டமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. சுயமரியாதை இயக்கத்தார்க்கு அந்தக் கதவு திறக்க, அவர்களின் அரசியல் வழிவந்தவர்கள் தேர்தலில் வெல்ல வேண்டியிருந்தது. 1953-க்கும் 1967-க்கும் இடைப்பட்ட 14 ஆண்டுகளை அப்படித்தான் புரிந்துகொள்ள முடியும்.

காரணம் சொல்வதில்தான் அதிகம் தவறுவார்கள். 7-ஏ விஷயத்தில் இயக்கத்துக்கும் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆட்களும் கோரிக்கையும் ஒன்றே. சொத்துரிமைக்கு வாருங்கள். 1929-இல் செங்கல்பட்டுத் தீர்மானம், 1989-இல் தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை. 60 ஆண்டில் தீர்மானம் சட்டமானது என்று ஒரே கோட்டில் எழுதிவிடத் தோன்றும். கோடு அவ்வளவு நேரானது அல்ல. இடையில் 1937-இன் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், அம்பேத்கர் போராடிய இந்துச் சட்டத் தொகுப்பு, 1956-இன் வாரிசுரிமைச் சட்டம், 1975-இல் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்த கேரளச் சட்டம், தமிழ்நாட்டுக்கு முன்பே திருத்தம் செய்த ஆந்திரம் எல்லாம் இருக்கின்றன. சுயமரியாதை இயக்கம் இல்லாத மாநிலங்களிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே மாற்றம் வந்திருக்கிறது என்றால், இயக்கத்தின் பங்கைச் சட்டமன்ற விவாதங்களிலிருந்து தனியாக நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகள்: சொன்னவரிடமிருந்து செய்தவரிடம் கருத்து போய்ச் சேர்ந்த வழி தெரிகிறதா? காலம் பொருந்துகிறதா? அந்தக் கருத்து இல்லாத இடத்திலும் இதே விளைவு வந்திருக்கிறதா? மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பலருக்கும் மனம் வராது, நேசிக்கும் இயக்கத்தைப் பற்றி என்றால் இன்னும் கடினம். நேசிப்பவர்கள்தான் அவசியம் கேட்க வேண்டும்.

1989 திருத்தத்தின் ஒரு வரியும் கவனிக்கத்தக்கது. 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்கு அந்த உரிமை தரப்படவில்லை. ஒரே வீட்டில் அக்காவுக்குப் பங்கு இல்லாமலும் தங்கைக்குப் பங்கு உள்ளதாகவும் ஆனது. அகில இந்தியத் திருத்தம் 2005-இல் வந்தது. அதற்குப் பிறகும் உச்ச நீதிமன்றம் 2020-இல் மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. சட்டம் இருந்தும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும் சகோதரிகள் எத்தனை பேர் என்பதைச் சார்பதிவாளர் அலுவலக ஆவணங்களில் தேடினால் தனி ஆய்வே செய்யலாம்.

7-ஏ பிரிவின் வாழ்க்கையும் 1968-உடன் முடியவில்லை. 2001-இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில், இருதார வழக்கு ஒன்றில், 7-ஏ-யின்படி நடந்த திருமணம் முழுமையான திருமணமே, சப்தபதி (தீயின் முன் ஏழு அடி வைக்கும் சடங்கு) இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் திருமணம் செல்லாது என்றது. 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அந்த நிலையை மாற்றியது: குடும்பத்தின் எதிர்ப்பும் மிரட்டலும் இருக்கும்போது ஊரறிய அறிவித்துத்தான் மணக்க வேண்டும் என்று வற்புறுத்தினால் அந்த இருவரின் உயிருக்கே ஆபத்து வரலாம், வழக்கறிஞர் நண்பராகவோ சாட்சியாகவோ நிற்பதில் தடை இல்லை. 1928-இல் ஊரைக் கூட்டிச் சொற்பொழிவாற்றிச் செய்த திருமணம், இன்று சாதி மறுத்து மணக்கும் இருவருக்கு ஊருக்குத் தெரியாமல் செய்துகொள்ளும் பாதுகாப்பாகவும் பயன்படுகிறது. முதலில் பிரித்த ஆறு கோரிக்கைகளில் சாதி பார்க்க வேண்டாம் என்பது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதற்கு இதை விடப் பெரிய சான்று தேவையில்லை.

தொடங்க விரும்பினால் 1953 தீர்ப்பு, 7-ஏ பிரிவு, 2023 தீர்ப்பு மூன்றையும் இந்த வாரமே வாசித்துவிடுங்கள். அடுத்த வாரம் தரமணிக்குப் போய் 1929-ஆம் ஆண்டு 'குடி அரசு' இதழ்களைக் கேளுங்கள். தலையங்கத்தைத் தாண்டிக் கடைசிப் பக்கங்களில் உள்ள ஊர்ச் செய்திகளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.